ஒரு சேகரிப்பின் தடத்தில் ஒரு நாள்: ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகங்களுக்கு முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நான்கு அருங்காட்சியகங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கின்றன. கலைக்கும் தொல்லியலுக்கும் ஆஷ்மோலியன். பழைய அறிவியல் கருவிகளுக்கு அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம். உயிரினங்களுக்கும் புதைபடிவங்களுக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். மானுடவியலுக்கு பிட் ரிவர்ஸ். நான்கிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லை என்பதாலேயே, ஒரே நாளில் நான்கையும் முழுமையாகப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் புதியவர்களுக்கு எழுகிறது. பிட் ரிவர்ஸில் மட்டும் பொருள்கள், புகைப்படங்கள், கையெழுத்துப் படிகள் எல்லாம் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் உள்ளன என்பதை அறிந்தால், அந்த எண்ணம் எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். அறை அறையாக விரைந்து கடந்து போகிறவர்களுக்கு மாலையில் எந்தப் பொருளும் மனத்தில் தெளிவாக நிற்பதில்லை.

இங்கிலாந்துக்குப் படிக்க வந்திருப்பவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர்கள், லண்டனிலிருந்து ஒரு நாள் ஒதுக்கி வரும் பயணிகள் ஆகியோருக்கு நான் சொல்ல விரும்பும் வழி வேறு. இந்த நான்கு இடங்களையும் இணைக்கும் பழைய சேகரிப்பு ஒன்று இருக்கிறது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால், எதைப் பார்ப்பது, எதை விடுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தானாகவே விடை கிடைத்துவிடும்.

முதலில் தடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

17ஆம் நூற்றாண்டில் ஜான் டிரேட்ஸ்கன்ட் என்ற பெயரில் தந்தையும் மகனுமாக இரண்டு தோட்டக்கலைஞர்கள் வாழ்ந்தார்கள். செடிகளைத் தேடிப் பல நாடுகளுக்குப் போன அவர்கள், செடிகளோடு அரிய பொருள்களையும் சேர்த்து, லண்டனுக்கு அருகே லாம்பெத்தில் இருந்த தங்கள் வீட்டில் பார்வைக்கு வைத்தார்கள். 1656இல் அந்தச் சேகரிப்புக்கு ஓர் அச்சுப் பட்டியலும் வெளிவந்தது. இங்கிலாந்தில் ஓர் அருங்காட்சியகத்துக்காக அச்சான முதல் பட்டியல் அதுவே. அந்தப் பட்டியலைத் தயாரிக்க உதவியவர் எலியாஸ் ஆஷ்மோல். மகன் டிரேட்ஸ்கன்ட் 1662இல் இறந்தபின், சேகரிப்பு யாருக்கு உரியது என்று அவருடைய மனைவி ஹெஸ்டருக்கும் ஆஷ்மோலுக்கும் வழக்கு நடந்தது. தீர்ப்பு ஆஷ்மோலுக்குச் சாதகமாக வந்தது. பின்னர் அவர் அதைத் தம் பொருள்களோடு சேர்த்து ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். அதற்கென்றே பிராட் ஸ்ட்ரீட்டில் கட்டப்பட்ட கட்டடத்தில், 1683இல் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிரிட்டனின் முதல் பொது அருங்காட்சியகம் என்ற பெருமை அதற்கு உண்டு. சேகரித்தவர்களின் பெயரை விட்டு, கொடுத்தவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போவது டிரேட்ஸ்கன்ட் குடும்பத்துக்கு நாம் செய்யும் சிறு மரியாதை என்று கருதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் அந்தச் சேகரிப்பு பிரிந்தது. விலங்கு, பறவை மாதிரிகள் 1860இல் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. பல நாட்டு மக்களின் புழங்குபொருள்கள் 1886இல் பிட் ரிவர்ஸுக்கு மாற்றப்பட்டன. தொல்பொருள்கள், 1840களில் கட்டிமுடிக்கப்பட்ட போமாண்ட் ஸ்ட்ரீட் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தன. இன்று ஆஷ்மோலியன் என்று அழைக்கப்படுவது அந்தக் கட்டடமே. பிராட் ஸ்ட்ரீட்டில் உள்ள பழைய கட்டடம் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் ஆயிற்று. ஒரு காலத்தில் ஒரே வீட்டில் அருகருகே இருந்த பொருள்கள் இப்படி வெவ்வேறு கட்டடங்களுக்குப் பிரிந்து போயின. கல்வித்துறைகள் தனித்தனியாகப் பிரிந்த வரலாறும் இதுதான். பல்கலைக்கழக அருங்காட்சியகம் ஒன்றில்தான் இதை இவ்வளவு நேரடியாகக் காண முடியும்.

எந்த நாளில் போவது

திறக்கும் நேரம் நான்குக்கும் ஒன்றல்ல. ஆஷ்மோலியனும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் நாள்தோறும் காலை 10 மணிக்குத் திறக்கின்றன. பிட் ரிவர்ஸ் செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை 10 மணிக்கும், திங்களன்று நண்பகல் 12 மணிக்கும் திறக்கிறது. அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் திங்களன்று திறப்பதில்லை. மற்ற நாள்களில் நண்பகல் 12 மணிக்குத்தான் கதவு திறக்கும். நான்கும் மாலை 5 மணிக்கு மூடப்படும். கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில் விடுமுறை உண்டு. பராமரிப்புக்காகச் சில கூடங்களை இடையிடையே மூடிவைப்பதும் வழக்கம். ஆகவே, புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவு ஒவ்வோர் அருங்காட்சியகத்தின் இணையதளத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்; ஐந்து நிமிடத்துக்குமேல் ஆகாது.

இந்த நேரங்களை வைத்துப் பார்த்தால், தடத்தைப் பின்பற்றுவதற்குத் திங்கட்கிழமை ஏற்றதல்ல. சனிக்கிழமைகளில் நகரமே நிரம்பி வழியும். வார நாள்களின் முற்பகலில் பள்ளிக் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், குறிப்பாக டைனோசர் எலும்புக்கூடுகள் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் மழை பெய்தால், குழந்தையுள்ள குடும்பங்கள் எல்லாம் அங்கேயே கூடும். எனவே, பள்ளிகள் நடக்கும் பருவத்தில், செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. கூட்டத்தைப் பற்றிய இந்தக் கவலை இன்று தோன்றியதல்ல. 1710இல் ஆக்ஸ்போர்டுக்கு வந்த உஃபென்பாக் என்ற ஜெர்மானியப் பயணி, சந்தை நாளில் ஆஷ்மோலியனுக்குப் போய், அங்கே நாட்டுப்புற மக்கள் திரண்டிருந்ததால் எதையும் நிதானமாகப் பார்க்க முடியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அறிஞர்களுக்காக மட்டுமன்றிப் பொதுமக்களுக்காகவும் அந்தக் கதவு தொடக்கம் முதலே திறந்திருந்தது என்பதற்கு அவருடைய குறையே சான்றாக நிற்கிறது.

புறப்படும் முன்

ஒரு பொருளைப் பற்றி வீட்டில் இருக்கும்போதே சிறிது படித்துவிட்டுப் போனால், அதன்முன் நிற்கும்போது கண்ணுக்கு நிறையத் தென்படும். அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் சேகரிப்புப் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் தேடி, ஒரு கட்டடத்துக்கு மூன்று அல்லது நான்கு பொருள்களுக்கு மேற்படாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் இப்போது காட்சியில் இருக்கிறதா, எந்தக் கூடத்தில் இருக்கிறது என்பதையும் சரிபாருங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் தம் பொருள்களைப் பிற நகரங்களின் கண்காட்சிகளுக்கு இரவலாக அனுப்புவதுண்டு. தாளில் வரைந்த படங்களையும் துணிகளையும் வெளிச்சத்திலிருந்து காப்பதற்காக அவ்வப்போது உள்ளே எடுத்துவைப்பதுமுண்டு.

பட்டியலைப் பார்க்கும்போது பொருளின் சேர்க்கை எண்ணையும், அதாவது அருங்காட்சியகம் அதற்கு இட்ட அடையாள எண்ணையும், கவனிக்கப் பழகுங்கள். ஆஷ்மோலியனில் அந்த எண் துறையைக் குறிக்கும் எழுத்துகளோடு தொடங்கும். ஏ.என். என்றால் தொல்பொருள் துறை, டபிள்யூ.ஏ. என்றால் மேற்கத்தியக் கலைத் துறை, இ.ஏ. என்றால் கிழக்கத்தியக் கலைத் துறை. எழுத்துகளுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் பொருள் அங்கே வந்து சேர்ந்த ஆண்டு. மிகப் பழைய பொருள்களில் அது பட்டியல் அச்சான ஆண்டாகவும் இருக்கும். காட்சிப்பேழையில் உள்ள குறிப்பட்டையின் அடியில் சிறிய எழுத்தில் இந்த எண் இருக்கும். யார் கொடுத்தார்கள், வாங்கப்பட்டதா, அகழாய்வில் கிடைத்ததா என்ற விவரமும் அதனருகே இருக்கும். பலரும் படிக்காமல் விடும் அந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன். பொருள் எங்கே எப்போது செய்யப்பட்டது என்பதை மேலுள்ள பத்தி சொல்லும். அது எப்படி இங்கே வந்தது என்பதை இந்த வரி மட்டுமே சொல்லும்.

ஆஷ்மோலியனில் நடக்கும் சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனிக் கட்டணச் சீட்டு வேண்டும். அதைப் பார்க்க விரும்பினால் நேரத்தைக் குறிப்பிட்டு முன்பதிவு செய்துவிடுங்கள். முதன்முறை வருபவருக்கு நிலையான கூடங்களே போதுமானவை என்பது என் கருத்து.

போய்ச் சேர்தல்

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஆக்ஸ்போர்டு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். மேரில்போன் நிலையத்திலிருந்தும் ரயில் உண்டு. சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். ரயில்கார்டு என்ற சலுகை அட்டை வைத்திருந்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அட்டை இல்லாத பெரியவர்கள் மூன்று பேர் முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போவதானால், நெரிசல் இல்லாத நேரத்துக்கான குழுச் சலுகையைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் அதே அளவு குறையும். செலவைக் குறைக்க வேண்டும் என்பவர்களுக்கு, லண்டன் விக்டோரியாவிலிருந்து கிளம்பும் ஆக்ஸ்போர்டு டியூப் பேருந்து ஏற்றது. ஆனால் லண்டன் சாலை நெரிசலில் அது இரண்டு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம். பேருந்து வந்து நிற்கும் குளோஸ்டர் கிரீனிலிருந்து ஆஷ்மோலியன் சில நிமிட நடை. ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை.

காரில் வருபவர்கள் நகருக்குள் ஓட்டிவர வேண்டாம். நகர மையத்தில் வாகனங்களுக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் உண்டு, நிறுத்த இடம் கிடைப்பதும் அரிது. நகரைச் சுற்றிலும் உள்ள பார்க் அண்ட் ரைடு நிறுத்தங்களில் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் வருவதே இங்குள்ளவர்களின் வழக்கம்.

சக்கரப் பெட்டிகளோடும் பெரிய பைகளோடும் கூடங்களுக்குள் போக முடியாது. விமான நிலையத்திலிருந்து நேரே வரும் திட்டமிருந்தால், பெட்டிகளைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். கையில் ஒரு சிறிய பை, பென்சில், குறிப்பேடு ஆகியவை போதும். கூடங்களில் பேனாவைவிடப் பென்சிலையே விரும்புவார்கள். சொந்தப் பயன்பாட்டுக்குப் படம் எடுக்கலாம். ஃபிளாஷும் முக்காலியும் கூடாது. படம் எடுக்கத் தடை உள்ள பொருள்களின் அருகே அதற்கான குறியீடு இருக்கும்.

காலை பத்து மணி: ஆஷ்மோலியன்

முன்வாசலில் நெடிய தூண்களோடு நிற்பது சார்லஸ் காக்கரெல் வடிவமைத்த பழைய பகுதி. அதன் பின்னால், ரிக் மேதரின் வடிவமைப்பில் 2009இல் திறக்கப்பட்ட புதிய பகுதி இருக்கிறது. தளங்கள் பல, படிகள் பல. அதனால் நுழைந்ததும் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

தடம் கீழ்த்தளத்தில் தொடங்குகிறது. அருங்காட்சியகம் தோன்றிய கதையைச் சொல்லும் கூடம் அங்கே இருக்கிறது. டிரேட்ஸ்கன்ட் சேகரிப்பில் எஞ்சியவற்றில் சில அங்கே உள்ளன. அவற்றுள் நின்று பார்க்க வேண்டியது பௌஹாட்டனின் மேலாடை என்று வழங்கும் தோல் விரிப்பு. வட அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியிலிருந்து வந்த இது, நான்கு மான்தோல்களை ஒன்றாகத் தைத்துச் செய்யப்பட்டது. நடுவில் ஒரு மனித உருவம், இருபுறமும் ஒவ்வொரு விலங்கு, அவற்றைச் சுற்றி வட்ட வட்டமாகச் சுழிகள். எல்லாமே சிறுசிறு சிப்பி மணிகளைத் தோலில் கோத்துத் தைத்து உருவாக்கப்பட்டவை. வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். கண் பழகும்வரை ஒரு நிமிடம் பொறுத்து நின்றால், சில இடங்களில் மணிகள் உதிர்ந்து தையலின் தடம் மட்டும் எஞ்சியிருப்பதும் தெரியத் தொடங்கும். இது உண்மையிலேயே பௌஹாட்டன் என்ற தலைவர் அணிந்ததா, ஆடைதானா என்ற கேள்விகள் இன்னும் ஆய்வாளர்களிடையே இருக்கின்றன. 1605இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க முயன்று பிடிபட்ட கை ஃபாக்ஸ் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் விளக்கும் இதே கூடத்தில் இருக்கிறது.

அங்கிருந்து மேலே போய், பழங்கால ஆங்கில அரசர் ஆல்ஃபிரடின் பெயரால் வழங்கும் ஆல்ஃபிரட் அணிகலனைத் தேடுங்கள். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இது ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம்தான். தெரியாமல் கடந்துபோய்விடக்கூடிய அளவு சிறியது. துளி வடிவப் பளிங்குக்கல்லின் அடியில், இரு கைகளிலும் தண்டு ஏந்திய ஓர் உருவம் வண்ண எனாமல் பூச்சில் தெரியும். முன்பக்கம் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். பக்கவாட்டில் வந்து குனிந்து பாருங்கள். பொன்னில் வெட்டப்பட்ட எழுத்துகள் விளிம்பைச் சுற்றி ஓடுவதைக் காணலாம். 'ஆல்ஃபிரட் என்னைச் செய்வித்தான்' என்று பழைய ஆங்கிலத்தில் அந்தப் பொருளே பேசுகிறது. அடிமுனையில் ஒரு விலங்கின் தலை இருக்கிறது. அதன் வாயில் ஏதோ ஒரு குச்சியைச் செருகுவதற்கான குழல் இருக்கிறது. நூலின் வரிகளைச் சுட்டிப் படிக்க உதவும் கோலின் கைப்பிடியாக இது இருந்திருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். 1693இல் சாமர்செட் பகுதி நிலத்தில் கிடைத்த இந்த அணிகலன், 1718இல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது.

இவை இரண்டுக்குமே ஒரு மணி நேரம் கொடுத்துவிடுங்கள். மீதமுள்ள ஒரு மணி நேரத்தில் உங்கள் விருப்பத்துக்கு ஏற்ப ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். எகிப்தில் நாட்டமுள்ளவர்கள் பண்டைய அரசர் நார்மரின் தண்டாயுதத் தலையையும், சூடானின் காவா என்ற இடத்திலிருந்து வந்த தஹர்கா அரசரின் கல் வழிபாட்டிடத்தையும் பார்க்கலாம். கிரேக்கத் தொல்லியல் விரும்புவோர், இதே அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த ஆர்தர் எவன்ஸ் கிரீட் தீவின் க்னோசோஸில் தோண்டிக் கொண்டுவந்தவற்றைக் காணலாம். இசை அறிந்தவர்கள் 1716இல் ஸ்ட்ராடிவாரி செய்த 'மெசையா' வயலின்முன் நிற்காமல் போகமாட்டார்கள். ஏறக்குறைய வாசிக்கப்படாமலேயே வந்திருப்பதால், செய்தபோதிருந்த மெருகு அதில் பெருமளவு அப்படியே இருக்கிறது.

தமிழர்கள் பலரும் இந்தியக் கூடத்தையே கேட்டுப் போவார்கள். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெட்ஜஸ், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொடுத்த விஷ்ணு கற்சிலை, மேற்கத்திய அருங்காட்சியகம் ஒன்றுக்குள் முதன்முதலில் வந்த இந்தியச் சிலைகளில் ஒன்று. நம்மவர்கள் கேட்கும் மற்றொன்று திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனி. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதை ஆஷ்மோலியன் 1967இல் லண்டனில் ஏலத்தில் வாங்கியது. கும்பகோணத்துக்கு அருகே உள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் அதே திருமேனி இருந்ததைக் காட்டும் 1957ஆம் ஆண்டுப் புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருப்பது பின்னர் தெரியவந்தது. இந்தியா அதைத் திரும்பக் கேட்டது; 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் அந்தக் கோரிக்கையை ஆதரித்தது. எனவே அதைக் காண்பதற்கென்று ஆக்ஸ்போர்டு பயணத்தை வகுக்க வேண்டாம். அது இருக்க வேண்டிய இடம் அதன் கோயில்தான். சேர்க்கை எண்ணில் உள்ள ஆண்டைப் படியுங்கள் என்று நான் மேலே வலியுறுத்தியதற்கு இதைவிடத் தெளிவான காரணம் சொல்ல முடியாது.

நண்பகல்: பிராட் ஸ்ட்ரீட்டில் பழைய கட்டடம்

பன்னிரண்டு மணிக்கு ஆஷ்மோலியனை விட்டுக் கிளம்பி ஐந்தாறு நிமிடம் நடந்தால் பிராட் ஸ்ட்ரீட் வந்துவிடும். அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் சிறியது. முக்கால் மணி நேரம் போதும். 1683இல் இதன் மேல்தளத்தில் டிரேட்ஸ்கன்ட் சேகரிப்பு இருந்தது, நடுத்தளத்தில் விரிவுரைகள் நடந்தன, நிலவறையில் வேதியியல் ஆய்வகம் இயங்கியது. பார்ப்பது, கற்பிப்பது, சோதிப்பது ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்த அந்த ஏற்பாட்டை மனத்தில் கொண்டு படியேறுங்கள்.

உலகின் மிகப் பெரிய அஸ்ட்ரோலேப் தொகுப்பு இங்கே இருக்கிறது. விண்மீன்களின் இடத்தைக் கொண்டு நேரம் கணிக்க உதவிய அந்தப் பித்தளைக் கருவியில், மேலே சுழலும் வலைத்தகட்டின் வளைந்த முனைகள் ஒவ்வொன்றும் ஒரு விண்மீனைக் குறிக்கும். கீழுள்ள தகடுகள் ஒவ்வோர் அட்சரேகைக்கும் தனித்தனியாகச் செய்யப்பட்டவை. அவற்றில் பொறித்துள்ள எண்களைக் கவனித்தால், அதன் உரிமையாளர் எந்தெந்த ஊர்களில் பயன்படுத்த எண்ணியிருந்தார் என்பது புலப்படும். நிலவறையில் ஐன்ஸ்டைன் 1931 மே 16 அன்று ஆக்ஸ்போர்டில் விரிவுரை ஆற்றியபோது எழுதிய கரும்பலகை, சுண்ணக்கட்டி எழுத்து அழியாமல் வைக்கப்பட்டிருக்கிறது. கடைசி வரிகள் பிரபஞ்சத்தின் அடர்த்தி, ஆரம், வயது ஆகியவற்றுக்கான மதிப்பீடுகள்.

பகல் உணவை இதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டு முதல் இயங்கிவரும் கவர்ட் மார்க்கெட் அருகிலேயே இருக்கிறது; பல வகை உணவுக்கடைகள் அங்கே உண்டு.

பிற்பகல்: பார்க்ஸ் ரோடு

பிராட் ஸ்ட்ரீட்டிலிருந்து வடக்கே பத்து நிமிடம் நடந்தால் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். உயிரினங்களின் பரிணாமம் பற்றி உயிரியலாளர் ஹக்ஸ்லிக்கும் பிஷப் வில்பர்ஃபோர்ஸுக்கும் இடையே 1860 ஜூன் 30 அன்று நடந்த புகழ்பெற்ற வாதம் இந்தக் கட்டடத்தில்தான் நிகழ்ந்தது. அதை நினைவூட்டும் கல் ஒன்று வெளியே நிற்கிறது.

உள்ளே போனதும் எலும்புக்கூடுகளை நோக்கிக் கால் தானே நடக்கும். அதற்கு முன் சற்றுக் கட்டடத்தைப் பாருங்கள். இரும்பும் கண்ணாடியும் கொண்ட கூரையின்கீழ், முற்றத்தைச் சுற்றி நிற்கும் தூண்கள் ஒவ்வொன்றும் பிரிட்டன், அயர்லாந்துப் பகுதிகளின் வெவ்வேறு பாறையில் செய்யப்பட்டவை. பாறையின் பெயர் ஒவ்வொரு தூணிலும் எழுதப்பட்டிருக்கிறது. தூண் தலைகளில் செதுக்கிய இலைகளும் பூக்களும், பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட உண்மையான செடிகளைப் பார்த்துச் செதுக்கியவை. பணம் போதாமல் சில வேலைகள் பாதியிலேயே நின்றுவிட்டன. செதுக்கப்படாத கல்லையும் தேடிப் பார்க்கலாம். கட்டடத்தையே பாடநூலாக அமைத்திருக்கும் இந்த முற்றத்தை, நான்கு கட்டடங்களிலும் சிறந்த காட்சியென்று தயங்காமல் சொல்வேன்.

நம் தடத்தின் முக்கியமான பொருள் இங்கே டோடோ. மொரீஷியஸ் தீவில் வாழ்ந்து அழிந்த அந்தப் பறவையின் பாடம்செய்த உடல் டிரேட்ஸ்கன்ட் சேகரிப்பில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அது சிதைந்துபோக, தலையும் ஒரு காலும் மட்டும் காப்பாற்றப்பட்டன. டோடோவின் மென்திசு உலகில் எஞ்சியிருப்பது அதில் மட்டுமே. மிக அரியது என்பதால் அதைப் பாதுகாப்பாக உள்ளே வைத்திருக்கிறார்கள். காட்சிப்பேழையில் நாம் காண்பது எலும்புக்கூடும் உருவ மாதிரியும். 2018இல் வெளிவந்த ஆய்வில், அந்தத் தலையை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது, மண்டையோட்டில் ஈயக் குண்டுமணிகள் பதிந்திருப்பது தெரிந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கையிலிருந்த பொருள் அப்போதும் புதிய செய்தி சொன்னது. பழைய சேகரிப்புகளைக் காத்துவைப்பதன் பயன் இதுதான். 1824இல் வில்லியம் பக்லண்ட் விவரித்த மெகலோசாரஸின் தாடை எலும்பையும் பாருங்கள். அறிவியல் முறைப்படி பெயரிட்டு விவரிக்கப்பட்ட முதல் டைனோசர் அது.

முற்றத்தின் மறுகோடியில் உள்ள வாசல் பிட் ரிவர்ஸுக்குள் இட்டுச் செல்லும். நான்கு மணிக்குள்ளாவது அங்கே போய்விடுங்கள். 1884இல் பிட் ரிவர்ஸ் என்ற படைத்தலைவர் கொடுத்த ஏறக்குறைய 26,000 பொருள்களோடு தொடங்கிய இந்தக் கூடம், நாடு வாரியாக அடுக்கப்படவில்லை. விளக்குகள் ஓரிடம், பூட்டுகள் ஓரிடம், இசைக்கருவிகள் ஓரிடம், படகுகள் தலைக்குமேல் என்று, பயன்பாட்டின்படி வகுத்திருக்கிறார்கள். அதனால் ஒரு பேழையின்முன் நின்றாலே, ஒரே தேவையைப் பல நாட்டு மக்கள் எப்படியெல்லாம் தீர்த்துக்கொண்டார்கள் என்று ஒப்பிட முடிகிறது. சிறிய கையெழுத்தில் எழுதிய பழைய குறிப்பட்டைகள் பொருள்களிலேயே கட்டப்பட்டிருக்கும். பேழைகளின் அடியிலுள்ள இழுப்பறைகளில் பலவற்றைத் திறந்து பார்க்கலாம்; அவற்றிலும் பொருள்கள் உண்டு. ஒரே ஒரு பேழையைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் அதன்முன் நில்லுங்கள். முன்பு இங்கே காட்டப்பட்டுவந்த மனிதத் தலைகள் முதலிய உடல் எச்சங்களை 2020இல் காட்சியிலிருந்து அகற்றிவிட்டார்கள். பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அவற்றைத் தேடி வருபவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். அகற்றியது சரியான முடிவு.

முதியவர்களும் குழந்தைகளும் உடன் வந்தால்

நான்கையும் ஒரே நாளில் நடந்து முடிப்பது முதியவர்களுக்குச் சிரமம். அவர்களுக்கு ஆஷ்மோலியன் ஒன்றே போதும். அங்கே மின்தூக்கிகளும் உட்காரும் இருக்கைகளும் இருக்கின்றன. பிராட் ஸ்ட்ரீட் கட்டடம் மிகப் பழையது, படிக்கட்டுகள் அதிகம். முழங்கால் வலியோ சக்கர நாற்காலியோ இருந்தால் அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். சிறு குழந்தைகளோடு வருபவர்கள் வரிசையை மாற்றிக்கொண்டு, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம். பிட் ரிவர்ஸின் மங்கிய வெளிச்சம் சில குழந்தைகளைப் பயமுறுத்தும். வாசலில் ஒரு நிமிடம் நின்று, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள்.

மீண்டும் வருவோருக்கு: ஆய்வறை

பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்திருப்பது கையிருப்பில் ஒரு சிறு பகுதிதான். மற்றவை ஆய்வுக்காக உள்ளே இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆஷ்மோலியனின் மேற்கத்தியக் கலை அச்சுப்பட அறையில், ரஃபேலும் மைக்கேலாஞ்சலோவும் தம் கையால் வரைந்த கோட்டோவியங்களை, முன்பதிவு செய்துகொண்டு எவரும் மேசையில் வைத்துப் பார்க்கலாம். கிழக்கத்தியக் கலைக்கும் இதுபோன்ற ஆய்வறை இருக்கிறது. இந்திய ஓவியங்களில் ஈடுபாடு உள்ளவர்கள் அதைக் கேட்கலாம். எந்தப் பொருளைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைச் சேர்க்கை எண்ணோடு குறிப்பிட்டு, பல வாரங்களுக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். புகைப்படத்தோடு கூடிய அடையாள அட்டை கொண்டுபோங்கள். உள்ளே போகும்முன் கையைக் கழுவச் சொல்வார்கள், பையை வெளியே வைக்கச் சொல்வார்கள், பென்சில் மட்டும் அனுமதிப்பார்கள். ஊழியர் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து, எப்படித் தாளைத் திருப்புவது என்று காட்டுவார். அவர் சொல்லும் முறையை அப்படியே பின்பற்றுங்கள். ஒரு வேளைக்கு நான்கைந்து ஓவியங்களுக்கு மேல் கேட்காதீர்கள்.